ஒற்றைக் கையால் என்சைமைப் பிடித்தவர்: யார் இந்த ஜேம்ஸ் சம்னர்?

என்சைம் என்றால் புரதம். பள்ளியிலேயே படித்திருப்போம். ஆனா, அதை நிரூபிக்க ஒருத்தர் 9 வருஷம் போராடினார் என்பது பலருக்குத் தெரியாது. அவர்தான் ஜேம்ஸ் சம்னர்.

1887-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் பிறந்தவர். 17 வயதில் பறவை வேட்டைக்குப் போன இடத்தில், கூட வந்தவரின் குண்டு தவறுதலாக இடது கையில் பாய்ந்தது. முழங்கைக்குக் கீழே கையை எடுத்துவிட்டார்கள். கொடுமை என்னன்னா, சம்னருக்கு இடது கைதான் பழக்கம். எல்லாவற்றையும் வலது கையால் மறுபடி கற்றுக்கொண்டார். ஒற்றைக் கையோடு வேதியியல் சரிப்படாது, சட்டம் படிக்கலாமே என்றார் ஹார்வர்டு பேராசிரியர் ஓட்டோ ஃபோலின். சம்னர் கேட்கவில்லை, 1914-ல் முனைவர் பட்டமே வாங்கிவிட்டார்.

1917-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஒரு வேலையைக் கையில் எடுத்தார். ஜாக் பீன் என்ற அவரை வகையில் யூரியேஸ் என்ற என்சைம் இருக்கிறது. யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்கும். அதைச் சுத்தமாகப் பிரித்தெடுக்க வேண்டும். ஆய்வகத்தில் ஐஸ் பெட்டிகூட இல்லை. சாற்றுக் குடுவைகளை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, ராத்திரி நல்லா குளிரணுமே என்று வேண்டிக்கொள்வாராம்! 1926-ல் ஆல்கஹாலை விட்டு அசிட்டோனுக்கு மாறினார். மைக்ராஸ்கோப்பில் ஒரு துளியைப் பார்த்தால், குட்டிக் குட்டிப் படிகங்கள். சோதித்ததில் அது புரதம். யூரியாவை உடைத்ததும் அதுவே.

நோபல் பெற்ற ஜெர்மன் விஞ்ஞானி வில்ஸ்டேட்டர் தரப்பு ஏற்கவில்லை. புரதம் வெறும் சுமைதாங்கி, என்சைம் அதில் ஒட்டியிருக்கும் வேறு ஏதோ ஒன்று என்பது அவர்கள் வாதம். 1930-ல் ஜான் நார்த்ராப் பெப்சினைப் படிகமாக்கிய பிறகுதான் நிலைமை மாறியது. 1946 வேதியியல் நோபலில் பாதி சம்னருக்கு. மீதி நார்த்ராப், வெண்டெல் ஸ்டான்லி இருவருக்கும். 1955-ல் சம்னர் காலமானார்.

அதற்குள் எல்லா என்சைமும் புரதமே என்பது பாடப்புத்தக விதி ஆகிவிட்டது. சம்னர் படிகமாக்கியது ஒரு யூரியேஸைத்தான் என்பதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. 1982-ல் தாமஸ் செக், டெட்ராஹைமினா என்ற ஒற்றைச் செல் உயிரியின் ஆர்என்ஏ தன்னைத்தானே வெட்டி ஒட்டிக்கொள்வதைக் காட்டினார். புரத உதவியே இல்லை! 1983-ல் சிட்னி ஆல்ட்மன் குழு இன்னொரு ஆர்என்ஏ தனியாகவே என்சைம் வேலை செய்வதைக் காட்டியது. இவற்றுக்குப் பெயர் ரைபோசைம். இந்த முறை சந்தேகம் தலைகீழ்: ஆர்என்ஏவுக்குள் புரதம் ஒளிந்திருக்குமோ? அப்படி எதுவும் இல்லை. இருவருக்கும் 1989-ல் நோபல் கிடைத்தது.

யூரியேஸ் புரதம்தான், அதில் மாற்றமில்லை. ஆனால் யூரியேஸ் உட்பட செல்லின் புரதங்களைக் கோத்துத் தருவது ரைபோசோம். அமினோ அமிலங்கள் இணையும் அதன் மையத்தில் வேலை செய்வது ஆர்என்ஏதான் என்பது 2000-ல் அதன் அணு அமைப்பைப் பார்த்தபோது தெளிவானது.