சட்டத்தை லயங்களுக்குக் கொண்டு சென்ற கோ. நடேசய்யர்

அப்புத்தளையில் நின்று தெற்கே நோக்கினால், தேயிலைச் சரிவுகள் படிப்படியாக இறங்கிப் பனிப்படலத்தில் மறைவதைக் காணலாம். 1890 ஆம் ஆண்டில் அப்பகுதித் தம்பேத்தன்னைத் தோட்டத்தை வாங்கிய லிப்டனின் பெயர் உலகெங்கும் பரவியது. ஆனால் அங்கே கொழுந்து பறித்த தமிழரின் பெயரோ, தோட்டத்துச் செக்ரோலிலும் கங்காணியின் கடன் கணக்கிலுமே இடம்பெற்றது. ஊவா முதல் அட்டன் வரை மலைநாடெங்கும் இதுவே நிலை. அந்தப் பெயருக்கு உரியவர்கள் உரிமையும் உடையவர்கள் என்று உணர்த்தியவர் கோ. நடேசய்யர்.

1887 இல் தஞ்சை மாவட்டத்தில் பிறந்த ஐயர், வர்த்தகப் பத்திரிகை நடத்தி எழுத்துத் துறையில் பழகியவர். அவர் இலங்கைக்கு வந்த காலத்தில் தோட்டங்களுக்குள் அந்நியர் எளிதில் நுழைய முடியாது. அத்துமீறல் வழக்கு அவர்களுக்குக் காத்திருந்தது. ஆகவே புடவை வியாபாரியாக வேடம் பூண்டு லயங்களுக்குள் சென்று தொழிலாளரின் துயரை ஐயர் நேரில் கண்டார் என்பர்.

அவர் கண்ட துயரின் வேர் கடனே ஆகும். கடன் தொகையைச் செலுத்தினால் ஆளை விடுவிப்பதாகத் தோட்டம் எழுதித் தரும் துண்டு இல்லாதவனுக்கு வேறு தோட்டத்தில் வேலை கிடையாது. 1921 இல் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது. எனினும் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட சட்டத்தை எழுத்தறியாத கூலியாளுக்கு எடுத்துச் சொல்வார் யார்? அப்பணியைத் தேசநேசன், தேசபக்தன் என்னும் தம் இதழ்களின் வாயிலாக ஐயரே மேற்கொண்டார். அவர்தம் துணைவியார் மீனாட்சி அம்மையார், படிக்கத் தெரியாதவர்க்குப் பாட்டாகவே அச்செய்திகளைப் பாடிக் காட்டினார்.

1927 ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்படி, 1929 முதல் உயர்மலைத் தோட்டங்களில் ஆண்களின் நாட்கூலி 54 சதமாயிற்று. பெண்களுக்கு 43 சதமே. ஆயினும் பகல் முழுதும் உழைத்தவருக்கு அரைப்பேர் போட்டால், சட்டம் கொடுத்ததைக் கணக்குப் புத்தகம் பறித்துக்கொள்ளும். தனியொருவன் இதைத் தட்டிக் கேட்டால் லயத்து அறையையும் இழக்க நேரும். சங்கம் கேட்டால் துரை செவிசாய்த்தே ஆகவேண்டும் என்று கண்ட ஐயர், 1931 இல் அட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். 1936 இல் அரசாங்க சபைக்கு அட்டன் உறுப்பினராகத் தேர்வு பெற்று, தொழிலாளரின் குறைகளை அங்கும் எழுப்பினார்.

காலம் அவருக்கு என்றும் கனிந்திருக்கவில்லை. 1939 இல் தோன்றிய இலங்கை இந்தியக் காங்கிரசு வளர வளர, அவர் செல்வாக்குத் தேய்ந்தது. 1947 இல் தேர்தலில் தோற்ற அவர், அவ்வாண்டு நவம்பரிலேயே மறைந்தார். மறு ஆண்டு பிறந்த குடியுரிமைச் சட்டம், அவர் உரிமை கற்பித்த மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. அதைக் காண அவர் இருக்கவில்லை.

சட்டம் இயற்றுவோர் பலர். அதைத் தொழிலாளியின் வாசற்படிவரை கொண்டு சேர்ப்போர் சிலரே. ஐயர் அச்சிலருள் முன்னவர். சம்பளத் தினத்தன்று தம் பெயருக்கு நேரே எழுதிய கணக்கைக் கேட்டுச் சரிபார்க்கும் துணிவு மலைநாட்டுத் தொழிலாளிக்கு வந்ததே, அதுவே அவர் விட்டுச் சென்ற செல்வம்.