இடிதாங்கி தந்த அறிஞர்

பெஞ்சமின் பிராங்கிளின் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1706ஆம் ஆண்டு சனவரி 17ஆம் நாள் பிறந்தார். தந்தையார் மெழுகுவத்தியும் சோப்பும் செய்து விற்றவர். அவருக்குப் பிள்ளைகள் பதினேழு பேர். ஆதலால் பிராங்கிளின் இரண்டு ஆண்டுகளே பள்ளியில் பயின்றார். பன்னிரண்டாம் வயதில் தமையனாரின் அச்சகத்தில் தொழில் பழகினார். பதினேழாம் வயதில் பிலடெல்பியா சென்று, உழைப்பால் உயர்ந்து, அங்கே சொந்த அச்சகம் நிறுவினார். நூல்களைத் தாமே கற்று அறிஞரானார்.

அக்காலத்தில் இடி விழுந்து வீடுகளும் கோபுரங்களும் எரிந்தன. மின்னலும் மின்சாரமே என்று பிராங்கிளின் கருதினார். அதனைச் சோதிக்கும் வழியையும் எழுதி வெளியிட்டார். அவ்வழியே 1752ஆம் ஆண்டு மே மாதம் பிரான்சில் நட்ட உயர்ந்த இரும்புக் கம்பியில் மின்பொறி தோன்றியது. அச்செய்தி எட்டுமுன்பே, சூன் மாதத்தில் அவர் பட்டம் விட்டுத் தம் கருத்தை மெய்ப்பித்தார். பட்டத்தின் மீது மின்னல் பாயவில்லை. மேகத்தின் மின்னூட்டமே நனைந்த நூல்வழி இறங்கிச் சாவியில் பொறியாயிற்று.

இச்சோதனை எத்துணை ஆபத்தானது என்பதை மறு ஆண்டே உலகம் கண்டது. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் ரிச்மன் என்னும் அறிஞர், மின்னூட்டத்தை அளப்பதற்காகக் கூரைக் கம்பியை வீட்டினுள் இருந்த கருவியோடு இணைத்திருந்தார். அக்கம்பி மண்ணோடு இணைக்கப்படவில்லை. 1753ஆம் ஆண்டு இடிமழையின்போது அவர் கருவியை நெருங்கினார். கம்பியிலிருந்து பாய்ந்த மின்சாரம் அவர் உயிரைப் பறித்தது.

பிராங்கிளின் அமைத்த இடிதாங்கியோ மின்னலை மண்ணுக்கு அனுப்புவது. கூரைக்கு மேலே கூரிய கம்பி. சுவரின் புறத்தே இறங்கும் தொடர் கம்பி. ஈரமண்ணில் ஆழப் புதைந்த முனை. இவையே அதன் உறுப்புகள். அவர் இதற்குக் காப்புரிமை பெறவில்லை. செய்முறையைத் தம் பஞ்சாங்கத்தில் அச்சிட்டு அனைவருக்கும் வழங்கினார். பின்னர், அமெரிக்க விடுதலைக்கு உழைத்த தலைவருள் ஒருவராகத் திகழ்ந்த அவர், 1790ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள் தம் 84ஆம் வயதில் மறைந்தார்.

அவர் காட்டிய நெறி இன்றும் உயிர் காக்கிறது. அமெச்சூர் வானொலியாளர் வீட்டின் மேல் உயர்த்தும் ஆன்டெனாவும் ரிச்மனின் கம்பியைப் போன்றதே. அதன் கம்பி நேரே அறைக்குள் வருகிறது. ஆகவே அவர்கள் கம்பத்தை மண்ணோடு இணைக்கின்றனர். கம்பி வீட்டினுள் நுழையுமிடத்தில் மின்னல் தடுப்பான் பொருத்துகின்றனர். இடிமழை வருமுன் ஆன்டெனாக் கம்பியையும் மின்கம்பியையும் கழற்றிவிடுகின்றனர். இடி முழங்கத் தொடங்கியபின் அவற்றைத் தொடுவதில்லை.

சொற்பொருள்
தமையன் – அண்ணன்
மெய்ப்பித்தல் – உண்மையென நிறுவுதல்
நெறி – வழி

விடை எழுதுக
1. பிராங்கிளின் பள்ளிக் கல்வியைத் தொடராதது ஏன்?
2. ரிச்மனின் கம்பிக்கும் இடிதாங்கிக்கும் உள்ள வேறுபாடு யாது?
3. வானொலியாளர் இடிமழைக்கு முன்னரே கம்பிகளைக் கழற்றுவது ஏன்?