இலையில் இருந்த மருந்து

நாமக்கல் மாவட்டத்திலுள்ள கொல்லிமலை, கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி ஆண்ட மலை. மூலிகை வளத்தால் புகழ் பெற்ற மலை. எந்த இலை எந்த நோய்க்கு ஆகும் என்பதை மலைவாழ் மக்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்து வைத்துள்ளனர். அது பட்டறிவு தந்த செல்வம். அந்த இலைக்குள் இருந்து நோயைத் தீர்க்கும் பொருள் எது என்பது அறிவியல் எழுப்பும் வினா. சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் பணியாற்றியபோது அவ்வினாவால் ஈர்க்கப்பட்டு, கடல் கடந்து சென்று விடை தேடியவர் எல்லாப்பிரகத சுப்பாராவ்.

சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். வறுமை சூழ்ந்த குடும்பம். சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்ற அவர், மூன்றாம் முயற்சியில்தான் மெட்ரிகுலேசன் தேர்வில் வெற்றி பெற்றார். பின்னர் மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் கற்றார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதராடை அணிந்து அறுவை மருத்துவ வகுப்புக்குச் சென்றது ஆங்கிலேயப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாக்கியது. அதனால் எம்.பி.பி.எஸ். பட்டத்துக்கு மாறாக, அதனினும் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழே அவருக்குக் கிடைத்தது.

இளமையிலேயே அவரைப் பெருந்துயரம் தாக்கியது. உடன்பிறந்தார் இருவர் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து மாண்டனர். அவர்களைக் கொன்றது ஸ்புரு என்னும் குடல்நோய். உண்ட உணவின் சத்தைக் குடல் ஏற்காமல், குருதி குன்றி, உடல் நாளும் மெலியச் செய்யும் நோய் அது. சுப்பாராவையும் அந்நோய் பற்றியது. மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதியின் ஆயுர்வேத மருத்துவத்தால் அவர் உயிர் பிழைத்தார்.

அரசு மருத்துவப் பணி கிட்டாத நிலையில், லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறியல் விரிவுரையாளரானார். பழைய மருந்துகளின் ஆற்றலை அங்கே நேரில் கண்டார். அவை நோய் தீர்க்கின்றன என்பதை அறிந்ததோடு அவர் மனம் நிறைவடையவில்லை. எவ்வாறு தீர்க்கின்றன என்பதையும் அறிய விழைந்தது. அறக்கட்டளை ஒன்றின் ஆதரவுடனும் மாமனாரின் உதவியுடனும் 1922இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடைந்தார். மருத்துவமனையில் இரவு நேரக் கடைநிலைப் பணி செய்துகொண்டே ஹார்வர்டில் பயின்றார். உடல் நீர்மங்களில் பாஸ்பரசை அளக்கும் முறையை 1925இல் பிஸ்கே என்னும் அறிவியலாளருடன் சேர்ந்து வகுத்தார். தசைகளின் ஆற்றலுக்கு உதவும் பாஸ்போகிரியாட்டினையும், உயிரணுக்களின் ஆற்றல் நாணயமாகிய ஏ.டி.பி.யையும் அவ்விருவரும் கண்டறிந்தனர். ஆயினும் ஹார்வர்டில் அவருக்கு நிலையான பேராசிரியர் பணி வாய்க்கவில்லை.

1940இல் லெடர்லே ஆய்வகத்தில் சேர்ந்தார். கல்லீரலில் குருதிச்சோகையைத் தீர்க்கும் பொருள் இருப்பதை மருத்துவ உலகம் அறிந்திருந்தது. ஈஸ்ட் சாறு கருவுற்ற பெண்களின் சோகையைப் போக்குவதைப் பம்பாயில் லூசி வில்ஸ் என்னும் மருத்துவர் முன்பே காட்டியிருந்தார். பசுங்கீரையிலிருந்தும் 1941இல் ஒரு சத்து பிரித்தெடுக்கப்பட்டு, இலை எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லால் போலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. பெருமளவு கீரையிலிருந்து கிடைத்ததோ மிகச் சிறிதளவே. நோயாளிகளுக்குப் போதிய மருந்து வேண்டுமெனில் அதன் அமைப்பை அறிந்து ஆய்வகத்திலேயே உருவாக்க வேண்டும். சுப்பாராவின் குழு 1945இல் அதனைச் செய்து முடித்தது. அம்மருந்து ஸ்புரு நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டபோது அவர்கள் நலம் பெறத் தொடங்கினர். உடன்பிறந்தாரைப் பறித்த நோயை எதிர்க்கும் மருந்து அவர் வழிநடத்திய ஆய்வகத்திலிருந்தே பிறந்தது.

அவரது தேடல் அத்துடன் நிற்கவில்லை. போலிக் அமிலத்தின் அமைப்பைச் சிறிது மாற்றினால், அது உயிரணுக்களின் பெருக்கத்தைத் தடுக்கும். அவ்வாறு உருவான அமினோப்டெரினைக் கொண்டு, குழந்தைகளின் குருதிப் புற்றுநோயைத் தற்காலிகமாகத் தணிக்க முடியும் என்று சிட்னி பார்பர் 1948இல் காட்டினார். அதன் வழிவந்ததே இன்றும் பயன்படும் மெத்தோட்ரெக்சேட். யானைக்கால் நோய்க்குரிய டி.இ.சி. மருந்தும் சுப்பாராவின் ஆய்வகத்தில் தோன்றியதே. அவருடைய தலைமையின்கீழ்ப் பணியாற்றிய தாவரவியலாளர் டக்கர், மண்ணில் வாழும் நுண்ணுயிரி ஒன்றிலிருந்து ஆரியோமைசினைக் கண்டறிந்தார். டெட்ராசைக்ளின் வகை மருந்துகளுள் முதலாவது அதுவே.

1948 ஆகஸ்டில், ஐம்பத்து மூன்றாம் வயதில், தாயகம் திரும்பாமலேயே சுப்பாராவ் மறைந்தார். வாழ்ந்த காலத்தில் புகழை நாடாத அவருக்கு, 1995இல் இந்திய அரசு அஞ்சல்தலை வெளியிட்டுச் சிறப்புச் செய்தது.

இயற்கைப் பொருள் என்பதாலேயே ஒன்று மருந்தாகிவிடாது. பழமையானது என்பதாலேயே ஒன்று பயனற்றதும் ஆகாது. மருந்தாகும் பொருள் எது, அதன் அளவு என்ன, அது உடலில் எவ்வாறு செயல்படுகிறது என ஆராய்ந்து தெளிவதே அறிவியல் நெறி. முன்னோரின் பட்டறிவு தொடங்கிவைத்த வினாக்கள் கொல்லிமலையின் ஒவ்வோர் இலையிலும் இன்னும் காத்திருக்கின்றன. அவற்றுக்கு விடை தேடுவோர்க்குச் சுப்பாராவின் வாழ்வு வழிகாட்டும்.