டெல்ஃப்ட் நகர மருத்துவர்

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகக் கடலை நோக்கிச் சென்றால் சதுரங்கப்பட்டினத்தை அடையலாம். மாமல்லபுரத்திற்குத் தெற்கே, கல்பாக்கத்தை அடுத்துள்ள இவ்வூரில் டச்சுக்காரர் எழுப்பிய செங்கற்கோட்டை இன்றும் நிற்கிறது. அதனுள்ளே அவர்களுடைய கல்லறைகள் உள்ளன. குலச்சின்னங்களும் டச்சு எழுத்துகளும் செதுக்கிய அக்கற்களில் சில 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இக்கரையில் மெல்லிய பருத்தித் துணிகளை வாங்கிக் கப்பலேற்றிய டச்சுக் கிழக்கிந்தியக் கும்பினிக்குத் தாயகத்தில் ஆறு நகரங்களில் மன்றங்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று டெல்ஃப்ட். யாழ்ப்பாணத்தை அடுத்த நெடுந்தீவுக்கு அவர்கள் இட்ட பெயரும் அதுவே.

அக்காலத்தில் டெல்ஃப்ட் நகரில் வாழ்ந்த மருத்துவர் ஒருவரின் பெயரை நாம் விலங்கியல் பாடத்தில் பலமுறை உச்சரித்திருக்கிறோம். அது ஒரு மனிதரின் பெயர் என்று எண்ணிப் பார்த்தவர் சிலரே. பெண்ணின் அண்டகத்தில் முதிர்ந்து நிற்கும் கிராஃபியன் பாலிக்கிளுக்குப் பெயர் தந்த ரெக்னியர் டி கிராஃப் அவர்.

கிராஃப் 1641ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஸ்கூன்ஹோவன் என்னும் சிற்றூரில் பிறந்தார். உட்ரெக்ட், லைடன் பல்கலைக்கழகங்களில் மருத்துவம் கற்றார். லைடனில் அவருடன் பயின்றோருள் யான் ஸ்வாமர்டாம், நீல்ஸ் ஸ்டேனோ ஆகிய இருவரும் பின்னாளில் பெரும்புகழ் பெற்றனர். மாணவராக இருந்தபோதே கிராஃப், வாத்தின் இறகுத்தண்டைக் குழாயாக்கி, உயிருள்ள நாயின் கணையத்திலிருந்து வடியும் நீரைச் சேகரித்துக் காட்டினார். அதைப் பற்றிய நூல் 1664இல் வெளிவந்தபோது அவருக்கு வயது இருபத்து மூன்று. மறு ஆண்டு பிரான்சு நாட்டின் ஆன்ஷே நகரில் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் டெல்ஃப்டில் குடியேறி மருத்துவத் தொழில் நடத்தினார். அவர் கத்தோலிக்கர், புரோட்டஸ்டண்டு சமயத்தவர் ஆட்சி செலுத்திய அந்நாட்டில் அவருக்குப் பேராசிரியர் பதவி வாய்க்கவில்லை. ஓய்ந்த நேரமெல்லாம் அறுத்துப் பார்ப்பதிலேயே கழிந்தது.

அக்கால மருத்துவர் அண்டகத்தைப் பெண்ணின் விந்தகம் என்றே அழைத்தனர். ஆணுக்கு உள்ளதன் குறைவுபட்ட வடிவம் அது என்பது கிரேக்கர் காலந்தொட்டு வந்த கருத்து. உயிரெல்லாம் முட்டையிலிருந்தே தோன்றுகின்றன என்று 1651இல் எழுதிய வில்லியம் ஹார்வியும் மான்களை அறுத்துப் பார்த்துவிட்டு, இவ்வுறுப்புக்கும் கருவுக்கும் தொடர்பில்லை என்றே முடிவு செய்தார். குழந்தையின் தோற்றத்தில் தாயின் பங்கு என்ன என்ற கேள்வியே இங்குத் தங்கியிருந்தது. நிலம் மட்டும் அவளா, விதையும் அவளுடையதா? நம் ஊர்ப் பேச்சிலும் இந்த உவமை நெடுங்காலம் வழங்கியதை நாம் அறிவோம்.

கிராஃப் பசு, ஆடு, முயல் எனப் பல விலங்குகளின் அண்டகங்களையும் மனித அண்டகத்தையும் ஆராய்ந்தார். ஒவ்வொன்றிலும் நீர் நிறைந்த உருண்டைப் பைகள் தென்பட்டன. அவற்றை அவருக்கு முன்பே சிலர் கண்டிருந்தனர். நோயின் குறி என்றுகூடக் கருதியிருந்தனர். கிராஃப் அவற்றை முட்டைகள் எனக் கொண்டார். கொண்டதோடு நில்லாமல் சோதிக்கவும் முற்பட்டார்.

இணைசேர்ந்த முயல்களைக் குறித்த கால இடைவெளிகளில் ஒவ்வொன்றாக அறுத்து நோக்கினார். அரை மணியில் மாற்றம் இல்லை. மணிகள் செல்லச் செல்லப் பைகள் சிவந்தன; பின்னர் வெடித்து வெறுமையாயின. மூன்றாம் நாளில், கருப்பையை நோக்கிச் செல்லும் குழாயில் மிக நுண்ணிய உருண்டைகளைக் கண்டார். கருவுற்ற முயல்களில் வெடித்த பைகளின் எண்ணிக்கையும் கருக்களின் எண்ணிக்கையும் ஒத்திருந்தன. தாயும் தருகிறாள் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அதுவரை எவரும் காட்டியதில்லை.

ஆனால் ஓர் இடறல் இருந்தது. குழாயில் கண்ட உருண்டைகள் அண்டகத்தில் இருந்தவற்றைவிடப் பன்மடங்கு சிறியவை. முட்டை வழியில் சுருங்குமோ? தம் கொள்கைக்கு ஊறு செய்யும் இச்செய்தியைக் கிராஃப் மறைக்கவில்லை. அப்படியே எழுதி வைத்தார். அவருடைய நூலில் நான் முதன்மையாக மதிப்பது இப்பகுதியைத்தான்.

அவர் கண்டது முட்டையன்று; முட்டை தங்கும் பை. முதிர்ந்த பை மனிதரில் ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் அகலம் கொள்ளும். அதனுள் உள்ள அண்டச்செல்லோ ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர்தான். உறங்கும் நிலையில் அண்டச்செல்லைச் சுற்றித் தட்டையான செல்கள் ஒரே அடுக்காகச் சூழ்ந்திருக்கும். வளரத் தொடங்கியதும் அவை கனசதுர வடிவம் கொண்டு பெருகிப் பல அடுக்குகளாகும். இவையே கிரானுலோசா செல்கள். அவற்றிடையே நீர் ஊறிக் குழி உண்டாகும். வெளியே தீக்கா உறை அமையும். 28 நாள் சுழற்சியில் ஏறத்தாழ 14ஆம் நாளில், லூட்டினைசிங் ஹார்மோன் பொங்கியெழ, பை வெடித்து அண்டம் வெளியேறும். எஞ்சிய செல்கள் அழிந்துவிடுவதில்லை. அதுவரை குருதிநாளம் புகாத அடுக்கினுள் குருதிநாளங்கள் புகுகின்றன. கிரானுலோசா செல்கள் பருத்து, கொழுப்புத் துளிகளைச் சேர்த்து, வழவழப்பான எண்டோபிளாச வலையைப் பெருக்கிப் புரோஜெஸ்டிரானைச் சுரக்கின்றன. இதுவே கார்பஸ் லூட்டியம், அதாவது மஞ்சள் உடலம். கரு தங்காவிடில் ஏறத்தாழ இரு வாரங்களில் அது சுருங்கி வெண்தழும்பாகும், மாதவிடாய் நிகழும். கிராஃப் எண்ணிக் கணக்கிட்டவை இந்த உடலங்களே.

மாதச் சுழற்சி அவருக்குப் புலப்படாமல் போனதற்கு முயலே காரணம். முயலில் இணைசேர்தலே அண்டம் விடுபடுவதைத் தூண்டும், மகளிரில் அவ்வாறன்று. ஆகவே எல்லா உயிர்களிலும் சேர்க்கையே முட்டையை விடுவிக்கிறது என்று அவர் கருதினார்.

1672இல், பிரெஞ்சுப் படைகள் நாட்டுக்குள் புகுந்திருந்த கலக்கமான ஆண்டில், பெண்ணின் இனப்பெருக்க உறுப்புகளைப் பற்றிய அவருடைய இலத்தீன் நூல் லைடனில் வெளியாயிற்று. உடனே பழைய தோழர் ஸ்வாமர்டாம், கண்டுபிடிப்பு தமக்கும் தம் ஆசிரியர் வான் ஹோர்னுக்கும் உரியது என்று அதே ஆண்டு ஒரு நூலில் குற்றஞ்சாட்டினார். கிராஃப் 1673இல் மறுப்பு நூல் எழுதினார். வழக்கு இலண்டன் ராயல் சொசைட்டிக்குச் சென்றது. இருவர்க்கும் முந்தியவர் ஸ்டேனோ என்று அக்கழகம் கூறியது. பெண்ணின் விந்தகம் உண்மையில் அண்டகமே என்பதை ஸ்டேனோ 1667இலேயே எழுதியிருந்தார்.

அதற்கிடையே 1672இல் மணமுடித்திருந்த கிராஃபுக்கு ஓர் ஆண்மகவு பிறந்து சில வாரங்களில் இறந்தது. 1673ஆம் ஆண்டு ஆகஸ்டில், முப்பத்திரண்டாம் வயதில், கிராஃபும் மறைந்தார். டெல்ஃப்டின் பழைய தேவாலயத்தில் அவரை அடக்கம் செய்தனர்.

இறப்பதற்கு நான்கு திங்கள் முன்பு அவர் ராயல் சொசைட்டிக்கு ஒரு மடல் விடுத்திருந்தார். தம் நகரத்துத் துணி வணிகர் ஒருவர் சிறந்த நுண்ணோக்கிகளைச் செய்கிறார் என்று அதில் அறிமுகம் செய்தார். அவ்வணிகர் ஆண்டனி வான் லீவன்ஹூக். பின்னாளில் விந்தணுவைக் கண்ட லீவன்ஹூக், அண்டக முட்டை என்னும் கருத்தையே ஏற்க மறுத்தார் என்பது விந்தை.

கிராஃப் எழுதி வைத்த அந்த அளவு வேறுபாடு 150 ஆண்டுகளுக்கு மேல் தெளிவுறாமல் கிடந்தது. 1827இல் கார்ல் எர்ன்ஸ்ட் வான் பேயர், நண்பர் வளர்த்த நாயொன்றின் அண்டகத்தை ஆராய்கையில் பையினுள் ஒரு மஞ்சள் புள்ளியைக் கண்டு நுண்ணோக்கியின் கீழ் வைத்தார். பாலூட்டியின் உண்மையான அண்டம் அதுவே. முட்டை வேறு, பை வேறு என்பது உறுதியாயிற்று. கிராஃபின் பெயர் பைக்கே நிலைத்தது.