பேராசிரியை ஐலீன் பவர் (1889–1940)

எமது கல்லூரியின் பழைய நூல்நிலையத்தில், கண்ணாடி அலுமாரியின் கீழ்த்தட்டில், மட்டை கழன்ற சிறிய ஆங்கில நூலொன்று இருந்தது. மத்தியகால மனிதர்களைப் பற்றிய நூல் அது. முதற்பக்கம் கிழிந்துபோயிருந்தது, முதுகுப் பக்கத்தில் பவர் என்ற பெயர் மட்டும் எஞ்சியிருந்தது. உயர்தர வகுப்பில் ஐரோப்பிய வரலாறு படித்த நாம் நால்வரும் அதை முறைவைத்து வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்தோம். எழுதியவர் ஓர் ஆண் என்றே நெடுநாள் எண்ணியிருந்தோம். பல்கலைக்கழகத்துக்குப் போன பின்னர்தான் அவர் ஒரு பெண்மணி என்பதும், இலண்டனில் வரலாற்றுப் பேராசிரியையாக இருந்தவர் என்பதும் தெரியவந்தது.

நூற்றாண்டு மலருக்குக் கட்டுரை தரும்படி சங்கத்தினர் கேட்டபோது, அதிபர்களைப் பற்றியும் விடுதி வாழ்க்கையைப் பற்றியும் எழுதப் பலர் இருப்பார்கள் என்று நினைத்தோம். ஆகவே, தாம் அறியாமலே எம்மை வரலாற்றுத் துறைக்கு அனுப்பிவைத்த இந்த அம்மையாரின் கதையைச் சொல்லத் தீர்மானித்தோம்.

ஐலீன் பவர் 1889ஆம் ஆண்டு சனவரி 9ஆம் திகதி இங்கிலாந்தின் வடமேற்கே ஒல்ரிங்கம் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை பங்குத் தரகர். மூன்று பெண் குழந்தைகளும் கைப்பிள்ளைகளாக இருந்த காலத்திலேயே அவர் மோசடிக் குற்றத்துக்காகச் சிறை சென்றார்; குடும்பம் வங்குரோத்தானது. ஐலீனுக்கு 14 வயதானபோது தாயும் காசநோயால் இறந்தார். தாய்வழி உறவினரே பிள்ளைகளை வளர்த்தார்கள். சீதனத்துக்கோ சொத்துக்கோ வழியில்லாத மூன்று பெண்கள். படிப்பைத் தவிர அவர்களுக்கு வேறு முதல் கிடையாது என்பதை அந்த உறவினர்கள் உணர்ந்திருந்தார்கள் போலும். மூவரையும் நன்றாகப் படிக்கவைத்தார்கள். இரண்டாவது மகள் றோடா சிறுவர் நூலாசிரியையாகவும் வானொலி ஒலிபரப்பாளராகவும் பெயர் பெற்றார். மூன்றாவது மகள் பெரில் அரசாங்க உத்தியோகத்தரானார். இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய 1929இல் அமைக்கப்பட்ட அரச ஆணைக்குழுவிலும் உறுப்பினராக இருந்தார்.

ஐலீன் ஒக்ஸ்போர்ட் பெண்கள் உயர்தரப் பாடசாலையில் படித்து, புலமைப்பரிசில் பெற்று, 1907இல் கேம்பிரிட்ஜின் கேர்ட்டன் கல்லூரிக்குச் சென்றார். வரலாற்றுச் சிறப்புப் பரீட்சையின் இரு பகுதிகளிலும் முதல் வகுப்பில் சித்தியடைந்து 1910இல் படிப்பை முடித்தார். ஆனால் பட்டம் கிடைக்கவில்லை. கேம்பிரிட்ஜில் 1881 முதல் பெண்கள் பரீட்சை எழுதலாம். எந்த வகுப்பில் சித்தியடைந்தார்கள் என்ற பட்டியலும் வெளிவரும். ஆனால் பட்டமும், பல்கலைக்கழக நிர்வாகத்தில் குரலும் ஆண்களுக்கு மட்டுமே உரியவை. அவருடன் ஒரே மண்டபத்தில் இருந்து எழுதி, அவரைவிடக் குறைந்த புள்ளி பெற்ற இளைஞர்கள் பட்டதாரிகளாக வெளியேறினார்கள்.

இந்த இடத்தில் எம் நாட்டுச் செய்தியொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. 1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியபோது, அங்கு படித்தோர் இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சைகளையே எழுதினார்கள். இலண்டன் 1878 முதலே பெண்களுக்குப் பட்டம் வழங்கிவந்தது. ஆகவே, கேர்ட்டனில் முதல் வகுப்பில் தேறிய பெண்ணுக்குக் கிட்டாத பட்டம், கொழும்பிலிருந்து பரீட்சை எழுதி ஒருவாறு சித்தியடைந்த பெண்ணுக்குக் கிட்டியது. கேம்பிரிட்ஜ் என்றால் கையெடுத்துக் கும்பிடும் எம்மவர்கள் இதை அதிகம் பேசுவதில்லை.

ஐலீன் முடங்கிவிடவில்லை. உதவிப் பணமொன்றைப் பெற்றுப் பாரிசுக்குச் சென்று, பழைய சுவடிகளையும் ஆவணங்களையும் வாசிக்கும் முறையைக் கற்றார். பின்னர் 1911 முதல் 1913 வரை இலண்டன் பொருளியல் கல்லூரியில் ஆய்வு மாணவியாக இருந்தார். அது ஒரு பெண்ணின் பெயரால் பெண்களுக்காகவே ஏற்படுத்தப்பட்ட புலமைப்பரிசில். அங்குதான் மத்தியகாலக் கன்னியர் மடங்களைப் பற்றிய ஆய்வு உருவானது. 1913இல் கேர்ட்டன் அவரைத் திரும்ப அழைத்து, வரலாற்றுப் படிப்புக்குப் பொறுப்பாக நியமித்தது. எட்டு ஆண்டுகள் அங்கு கற்பித்தார்.

1920இல் அல்பேர்ட் கான் பயணப் புலமைப்பரிசில் அவருக்குக் கிடைத்தது. உலகைச் சுற்றிப் பார்த்து வருவதற்கென ஆசிரியர்களுக்கு வழங்கப்பட்ட அந்தப் பரிசைப் பெற்ற முதற் பெண் அவரே. நேர்முகத்தில், பணத்தைக் கொடுத்து அனுப்பியபின் நீர் கலியாணம் செய்துகொண்டால் என்ன செய்வது என்ற பொருளில் ஒருவர் ஐயம் எழுப்பினாராம். நூறாண்டு கழிந்த பின்னும் நேர்முக அறைகளில் எம் பிள்ளைகளிடம் வெவ்வேறு சொற்களில் இதே கேள்வி கேட்கப்படுகிறது. எம்மில் இருவரிடமும் கேட்டார்கள். ஐலீன் எகிப்து, இந்தியா, சீனா, யப்பான், கனடா, அமெரிக்கா எனச் சுற்றிவந்தார். இந்தியாவில் 1920 டிசெம்பரில் நடந்த நாகபுரி காங்கிரசைப் பார்த்தார், காந்தியடிகளையும் சந்தித்தார். பெண்கள் போகக்கூடாதென்று தடுக்கப்பட்டிருந்த கைபர் கணவாயை ஆண் வேடத்தில் கடந்தார் என்றும் சொல்வார்கள். ஐரோப்பாவைப் படித்தவர் ஆசியாவைப் பார்த்த பிறகு, ஐரோப்பாவை மட்டும் உலகமாகக் கருதும் வரலாற்றை அவரால் எழுத முடியவில்லை. மார்க்கோ போலோ அவருடைய நூலில் இடம்பெற்றது தற்செயல் அல்ல.

1921இல் அவர் கேம்பிரிட்ஜை விட்டு இலண்டன் பொருளியல் கல்லூரியின் பொருளாதார வரலாற்றுத் துறையில் விரிவுரையாளராகச் சேர்ந்தார். அந்த ஆண்டு ஒக்டோபரில், பெண்களுக்கு முழு உறுப்புரிமை வழங்குவதைக் கேம்பிரிட்ஜ் வாக்கெடுப்பில் மறுபடியும் நிராகரித்தது. பெயரளவுப் பட்டம் போதும் என்றார்கள். முடிவைக் கொண்டாடிய மாணவர் கூட்டமொன்று நியூனம் பெண்கள் கல்லூரியின் வாயிற்கதவை உடைத்தது. இலண்டனிலோ அவர் சேர்ந்த துறைக்குத் தலைமை தாங்கியவரே ஒரு பெண்: லிலியன் நோல்ஸ். வாய்ப்பு என்று நாம் பொதுவாகப் பேசுவது பெரும்பாலும் இப்படிப்பட்டதுதான். திறமை இரு இடத்திலும் ஒன்றே. ஓரிடத்தில் கதவு சாத்தியிருக்கும், மற்ற இடத்தில் யாரோ ஒரு பெண் முன்னரே உள்ளே போயிருப்பார். நோல்ஸ் 1926இல் காலமானார். ஐலீன் 1924இல் இணைப் பேராசிரியர் நிலைக்கும், 1931இல் பேராசிரியர் பதவிக்கும் உயர்ந்தார்.

இலண்டனில் அவர் செய்த வேலையின் அளவு மலைக்கவைப்பது. 1922இல் கன்னியர் மடங்கள் பற்றிய பெருநூல் வெளிவந்தது. 1924இல் ஆர். எச். ரோனியுடன் சேர்ந்து தியூடர் காலப் பொருளாதார ஆவணங்களை மூன்று தொகுதிகளாகப் பதிப்பித்தார். அதே ஆண்டில் எமது அலுமாரி நூலும் வந்தது. 1926இல் பொருளாதார வரலாற்றுச் சங்கம் அமைந்தபோது அதன் செயலாளரானார். அடுத்த ஆண்டு அச்சங்கத்தின் சஞ்சிகை தொடங்கியது. அவருடைய ஆய்வு வகுப்பில் மாணவர்கள் தனித்தனியே ஆளுக்கொரு மூலைக்குப் போகாமல், ஒரே பெரிய விடயத்தின் பகுதிகளை ஆய்ந்து ஒன்றாக வைத்துப் பேசினார்கள். 15ஆம் நூற்றாண்டின் ஆங்கில வர்த்தகம் பற்றி 1933இல் வெளிவந்த கட்டுரைத் தொகுதி அந்த வகுப்பின் விளைவு.

எமது அலுமாரி நூலுக்கு வருவோம். அதில் ஆறு பேர் வருகிறார்கள். அரசனோ தளபதியோ யாருமில்லை. ஒரு குடியானவன், ஒரு பயணி, ஒரு மடத்துத் தலைவி, பாரிஸ் நகரத்து இளம் மனைவி, ஒரு கம்பளி வணிகன், ஒரு துணி உற்பத்தியாளர். முதலில் வரும் போடோ என்ற குடியானவன் 9ஆம் நூற்றாண்டில் பாரிசுக்கு அண்மையில் ஒரு மடத்தின் நிலத்தில் வாழ்ந்தவன். அவனைப் பற்றி எஞ்சியிருப்பது மடத்தின் நிலப் பதிவேட்டில் ஒரு பதிவு மட்டுமே: அவன் பெயர், மனைவி பெயர், மூன்று பிள்ளைகள், எவ்வளவு நிலம், மடத்துக்கு எவ்வளவு வேலை, எத்தனை கோழி, எத்தனை முட்டை. இந்தப் பதிவை வைத்துக்கொண்டு ஐலீன் அவனுடைய ஒரு நாளைக் காட்டுகிறார். காலையில் குளிரில் ஏர் பூட்டப் போவதும், மனைவி கோழியும் முட்டையும் கொண்டுபோய்க் காரியக்காரனிடம் கொடுப்பதும் கண்முன் வருகின்றன.

யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளான எமக்கு இது உடனே புரிந்தது. ஒல்லாந்தர் எழுதிய தோம்பு என்பதை நாம் பாடப்புத்தகத்தில் வரி வசூலிப்பதற்கான ஏடு என்று மனனம் செய்திருந்தோம். காணியும் குடும்பமும் கடமையும் எழுதிய அந்த ஏட்டிலும் போடோக்கள் இருப்பார்கள் அல்லவா? அவர்களுடைய மனைவியரும் இருப்பார்கள் அல்லவா? எம்மில் ஒருத்தி பின்னர் சிறப்புக் கலைமாணிப் பட்டத்துக்கு எழுதிய ஆய்வு இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கியது.

கற்றவர்களுக்கு மட்டும் எழுதுவதில் அவருக்கு விருப்பம் இருக்கவில்லை. தங்கை றோடாவுடன் சேர்ந்து சிறுவர்களுக்கு வரலாற்று நூல்கள் எழுதினார். பாடசாலைகளுக்கான வானொலி நிகழ்ச்சிகளில் பேசினார். சர்வதேச சங்கத்தை ஆதரித்த இயக்கத்தில் ஈடுபட்டார். போர்களையும் அரசர்களையும் மட்டும் படிக்கும் பிள்ளைகள் அயலானைப் பகைவனாகவே காண்பார்கள் என்ற கவலை அவருக்கு இருந்தது. நன்றாக உடுத்துவார். பாரிஸ் சட்டைகளில் அவருக்குப் பிரியம். மெக்லன்பேர்க் சதுக்கத்து வீட்டில் சமையலறையில் நண்பர்களுக்கு நடன விருந்து வைப்பார். படித்த பெண் என்றால் அலங்காரத்தை மறந்தவளாக இருக்கவேண்டும் என்ற எண்ணம் எம் ஊரில் மட்டும் உள்ளதல்ல. அங்கும் சிலர் முகம் சுளித்தார்கள்.

1937 டிசெம்பரில், தம்முடைய மாணவராகவும் ஆய்வு உதவியாளராகவும் இருந்த மைக்கல் போஸ்ரனை மணந்தார். போஸ்ரன் பத்து வயது இளையவர். அடுத்த ஆண்டில் கேம்பிரிட்ஜில் பொருளாதார வரலாற்றுப் பேராசிரியர் பதவி வெற்றிடமானது. ஐலீன் அப்போது அத்துறையில் நாடறிந்தவர். அவர் விண்ணப்பிக்கவில்லை, போஸ்ரன் விண்ணப்பித்து நியமனம் பெற்றார். இதை அன்பின் அடையாளம் என்று சொல்வோரும் உண்டு. எம்மிடையே இதுபற்றி ஒருமித்த கருத்து இல்லை. இருவர் அது அவருடைய சொந்த முடிவு, அதில் நாம் தலையிடக் கூடாது என்கிறார்கள். மற்ற இருவருக்கும் இன்னும் மனம் ஆறவில்லை. முதல் வகுப்பில் தேறியும் பட்டம் தராத இடத்தில் ஒரு பேராசிரியையாக அவர் போய் நின்றிருந்தால் எப்படியிருந்திருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவர் இலண்டன் பதவியிலேயே தொடர்ந்தார்.

1939இல் ஒக்ஸ்போர்டில் ஃபோர்ட் விரிவுரைகளை நிகழ்த்தினார். இங்கிலாந்தின் மத்தியகாலக் கம்பளி வர்த்தகம் பொருள். போர் மூண்டதும் இலண்டன் பொருளியல் கல்லூரி கேம்பிரிட்ஜுக்கு இடம்பெயர்ந்தது. 1940 ஆகஸ்ட் 8ஆம் திகதி இலண்டனில் மாரடைப்பால் திடீரென இறந்தார். வயது 51. விரிவுரைகளும், அவர் இணைப்பதிப்பாசிரியராக இருந்த ஐரோப்பியப் பொருளாதார வரலாற்றின் முதற்றொகுதியும் 1941இல் வெளிவந்தன.

அதன்பின் அவர் பெயர் மெல்ல மங்கியது. பொருளாதார வரலாறு எண்களும் அட்டவணைகளுமாக மாறியது. ஆறு மனிதர்களின் கதையை எழுதியவர் ஆய்வாளர் அல்லர், நல்ல கதைசொல்லி என்ற எண்ணம் பரவியது. ஆவணத்தில் கைவைத்துப் பார்த்த எவரும் இதை ஒப்பமாட்டார்கள். கேம்பிரிட்ஜ் 1948இல்தான் பெண்களுக்கு முழுப் பட்டம் வழங்கியது. அதே ஆண்டில், கேர்ட்டனில் கற்பித்துவந்த மத்தியகால வரலாற்றாசிரியை ஹெலன் காம் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி ஏற்றார்.

நாம் நால்வரும் பல்கலைக்கழகத்துக்குச் சென்றபோது, வரலாறு படித்து என்ன உத்தியோகம் என்று வீட்டில் கேட்டார்கள். ஒருத்தி பாடசாலை ஆசிரியையானாள். ஒருத்தி நிர்வாக சேவைப் பரீட்சையில் சித்தியடைந்தாள். ஒருத்தி உதவி விரிவுரையாளராகி, வெளிநாட்டு ஆய்வுப் புலமைப்பரிசில் கிடைத்தும், பெண்பிள்ளையைத் தனியே அனுப்புவதா என்று வீட்டார் தயங்கியதால் ஓராண்டை இழந்து பின்னர் போய்வந்தாள். நாலாமவள் படிப்பை இடையில் விட்டு, ஐம்பது வயதில் வெளிவாரியாகப் பட்டம் பெற்றாள்.

மத்தியகாலப் பெண்களைப் பற்றி ஐலீன் ஆற்றிய விரிவுரைகளைப் போஸ்ரன் தொகுத்து 1975இல் நூலாக வெளியிட்டார். அந்நூலின் பிரதியொன்றையும், மட்டை கட்டிப் புதுப்பித்த எமது பழைய அலுமாரி நூலையும் நூற்றாண்டு நினைவாகக் கல்லூரி நூல்நிலையத்துக்குக் கையளித்துள்ளோம். உயர்தர வகுப்பு மாணவிகள் இரண்டு வாரத்துக்கு வீட்டுக்கு எடுத்துச்செல்லலாம்.