காற்றை அளந்த ஸ்டீபன் ஹேல்ஸ்

உணவின்றிச் சில வாரங்களும் நீரின்றிச் சில நாட்களும் மனிதன் உயிர் தரித்தல் கூடும். காற்றின்றிச் சில நிமிஷங்களுக்கு மேல் தரித்தல் அரிது. ஆயினும் உண்ணும் சோற்றையும் பருகும் நீரையும் ஆராய்ந்து கொள்ளும் நாம், சுவாசிக்கும் காற்று தூயதோ, போதிய அளவினதோ என்று எண்ணிப் பார்ப்பதில்லை. அவ்வாறு எண்ணியதோடு நில்லாமல் அதனை அளந்தும் பார்த்து, காற்றுப் புகாத இடங்களிற் காற்றைப் புகுத்திய பெரியார் ஒருவரின் சரித்திரத்தை இங்குச் சுருக்கிக் கூறுவோம்.

ஸ்டீபன் ஹேல்ஸ் 1677-ஆம் ஆண்டு இங்கிலாந்து தேசத்தில் கென்ட் பகுதியைச் சேர்ந்த ஒரு கிராமத்திற் பிறந்தார். 1696-இல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையிற் சேர்ந்து குருத்துவத்துக்குரிய கல்வியைப் பெற்றார். அங்கே வில்லியம் ஸ்டூக்லி என்னும் நண்பரோடு கூடிச் செடிகொடிகளைத் திரட்டுவதிலும், பிராணிகளின் உடற்கூற்றை ஆராய்வதிலும் ஓய்வு நேரத்தைச் செலவிட்டார். 1709-இல் லண்டன் மாநகருக்கு அருகே தேம்ஸ் நதிக்கரையிலுள்ள டெடிங்டன் என்னும் ஊருக்குக் குருவாக அமர்ந்தார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக, தம் இறுதிநாள் வரையில், அவ்வூர்ப் பணியை அவர் விட்டிலர். 1720-இல் விவாகஞ் செய்துகொண்டார். மறு ஆண்டே மனைவியார் காலமாயினர். பின்னர் அவர் மறுமணஞ் செய்துகொள்ளவில்லை.

படைப்பு முழுவதும் எண்ணும் எடையும் அளவும் கொண்டு அமைந்தது. ஆதலின் அதனை அறிவதற்கும் எண்ணுதல், நிறுத்தல், அளத்தல் என்பவையே வழி என்பது அவர் கொள்கை. மூன்றரை அடி உயரமுள்ள ஒரு சூரியகாந்திச் செடியைத் தொட்டியில் வைத்து, 1724-ஆம் ஆண்டுக் கோடையிற் பல நாட்கள் காலையும் மாலையும் நிறுத்துப் பார்த்து, அது பகற்பொழுதிற் சராசரியாக இருபது அவுன்ஸ் நீரை இலைகளின் வழியே வெளிவிடுகின்றதென்று கண்டார். ஒரு குதிரையின் இரத்தக் குழாயில் நீண்ட கண்ணாடிக் குழாயைப் பொருத்தி, இரத்தம் எட்டடிக்கு மேல் எழும்பி நின்றதை அளந்தார். இரத்த அழுத்தத்தை முதன்முதலாக அளந்தவர் இவரே. இவ்வாராய்ச்சிகளை 1727-லும் 1733-லும் நூல்களாக வெளியிட்டார். ராயல் சொஸைட்டியார் 1739-இல் அவருக்குக் காப்லி பதக்கம் அளித்தனர்.

செடியை நிறுத்த அதே மனம் காற்றின்மேலும் சென்றது. ஒரு பைக்குள் அடைத்த காற்றையே மீண்டும் மீண்டும் சுவாசித்துப் பார்த்து, அது விரைவிற் சுவாசத்துக்கு உதவாததாய் விடுகிறதென்று தம் தேகத்தையே கொண்டு அறிந்தார். அவ்வாறாயின் கப்பலின் அடித்தளத்திலும் சிறைக்கூடத்திலும் நெருக்குண்டு கிடக்கும் நூற்றுக்கணக்கானோரின் கதி யாது? இக்கேள்வி அவரை விட்டு நீங்கவில்லை.

1741-இல் அவர் தாம் வகுத்த காற்றோட்டக் கருவியைப் பற்றி ராயல் சொஸைட்டியில் வாசித்தார். கொல்லன் துருத்தியின் தத்துவமே அது. பெரிய மரப்பெட்டியின் நடுவே, ஒரு புறத்திற் கீல் வைத்த பலகையொன்று மேலுங் கீழுமாய் அசையும். அதனால் ஒரு வழியே காற்று உள்ளே இழுக்கப்பட்டு, மறுவழியே தள்ளப்படும். காற்றுத் திரும்பாதவாறு கதவுகள் தாமே மூடிக்கொள்ளும். நெம்புகோலைப் பற்றி ஆட்கள் இயக்க வேண்டும். இத்துருத்தி ஒரு மணி நேரத்தில் எவ்வளவு காற்றைத் தள்ளும் என்பதையும் அவர் கணக்கிட்டார். அதே காலத்தில் சுவீடன் தேசத்து ட்ரீவால்ட் என்பவரும் இத்தகைய கருவியொன்றைக் கண்டமை வியப்புக்குரியது. ஹேல்ஸின் கருவி போர்க்கப்பல்களிலும், வைத்தியசாலைகளிலும், தானியக் களஞ்சியங்களிலும் இடம்பெற்றது. அடிமைகளை ஏற்றிச் சென்ற கப்பல்களிலும் அது வைக்கப்பட்டது. காற்றை அளித்த கருவியால் விடுதலையை அளிக்க இயலவில்லை என்பதை நாம் மறத்தலாகாது.

அக்காலத்துச் சிறைகளின் நிலை சொல்லுந்தரமன்று. 1750-இல் நியூகேட் சிறையிலிருந்து நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்ட கைதிகளோடு சிறைக்காய்ச்சலும் வந்தது. லண்டன் மேயரும், நீதிபதிகள் இருவரும், மற்றும் பலரும் அதனால் மாண்டனர். 1749-இலேயே சவாய் சிறையில் தம் கருவியை அமைத்திருந்த ஹேல்ஸ், 1752-இல் நியூகேட்டிலும் அதனை அமைக்கும் பணியில் ஈடுபட்டார். ஆட்கள் இழுக்க மறந்தாலும் சோர்ந்தாலும் நின்றுபோகும் துருத்தியைக் கூரைமேல் வைத்த காற்றாலையே இயக்குமாறு செய்து, அறைதோறும் குழாய்களைச் செலுத்தினர். அவ்வேலையில் ஈடுபட்ட பதினொருவருள் எழுவரைக் காய்ச்சல் பற்றியது. கைதிகளின் பொருட்டு உழைத்த அவ்வேழைத் தொழிலாளரையும் இச்சரித்திரத்தில் நினைத்தல் நம் கடன்.

கெட்ட காற்றே சிறைக்காய்ச்சலுக்குக் காரணம் என்று ஹேல்ஸும் அவர் காலத்தவரும் நம்பினர். அது சரியன்று. அந்நோயைப் பரப்புவது உடற்பேன் என்பதை 1909-இல் சார்ல்ஸ் நிக்கோல் நிரூபித்தார். ஆகவே நியூகேட்டிற் காய்ச்சல் முற்றிலும் ஒழியாமை வியப்பன்று. எனினும் அவர் உழைப்பு வீணாயிற்று என்று கூறலாகாது. நெருக்கமான அறையிற் காற்று மாறாதிருப்பின் க்ஷயம் முதலிய நோய்கள் எளிதிற் பரவும் என்பதை இன்று நாம் அறிவோம். காரணத்திற் பிழைத்தாரேனும், கடமையில் அவர் பிழைத்திலர்.

1754-இல் டெடிங்டன் மக்களுக்கு நல்ல தண்ணீர் கிடைக்குமாறு செய்தபோது, அவர் நீர் வருகிறதென்று மட்டும் எழுதி வைக்கவில்லை. இரண்டு குவார்ட் கொள்ளும் பாத்திரம், விநாடிக்கு ஒரு முறை அசையும் ஊசற்குண்டின் மூன்று அசைவுகளில் நிரம்புகிறதென்று அளந்து, அந்த ஊசலின் நீளத்தையுங்கூடச் சபையின் பதிவேட்டிற் குறித்தார். பின்னால் வருவோரும் அளந்து ஒப்பிடுதல் வேண்டுமன்றோ! இக்காலத்திலும் பெரிய கட்டடங்களிற் குளிர்காற்று இயந்திரங்களை அமைத்தபின், ஒவ்வோர் அறையிலும் வரும் காற்றைக் கருவியால் அளந்து, குழாய்களிலுள்ள தடுப்புத் தகடுகளைத் திருத்தி, எவ்வறைக்கும் மிகாமலும் குறையாமலும் சமன் செய்து, அளவுகளை ஏட்டிற் பதிகின்றனர். இயந்திரம் சுழலுவது போதாது. கடைசி அறையில் இருப்பவனுக்கும் காற்றுச் சென்றதா என்பதே கேள்வி. டெடிங்டன் குருவின் ஊசல் கேட்டதும் இத்தகைய கேள்வியே.

1761-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள் ஹேல்ஸ் தமது எண்பத்து மூன்றாம் வயதிற் காலமானார். இளவரசி அகஸ்டா வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அவருக்கு ஞாபகச் சின்னம் எழுப்பினார். அவர் உடலோ, தாம் பணி செய்த டெடிங்டன் ஆலயக் கோபுரத்தின் கீழேயே அடக்கஞ் செய்யப்பட்டது. மாணவ நண்பர்காள், நற்காரியம் செய்ய விரும்புவோர் பலர். செய்த நன்மை உரியவரைச் சேர்ந்ததா என்று அளந்து பார்ப்போர் சிலரே. அச்சிலருள் ஒருவராக நாமும் இருக்க முயலுவோமாக.