சூரியனைச் சகோதரன் என்றவர்

இத்தாலி தேசத்தில் மலைச் சரிவில் உள்ள ஊர் அசிசி. அங்கே துணி வியாபாரத்தில் பெரும் பொருள் சேர்த்தவர் பீட்ரோ பெர்னார்டோனே. அவருடைய மகன்தான் பிரான்சிஸ். பிறந்தது 1181 அல்லது 1182-ம் ஆண்டு.

இளமையில் அவர் பெரிய உல்லாசி. நல்ல ஆடை, விருந்து, இரவெல்லாம் பாட்டு! போர்வீரனாகப் பெயர் எடுக்கவும் ஆசை. 1202-ம் ஆண்டு பக்கத்து நகரமான பெருஜியாவோடு நடந்த சண்டையில் பிடிபட்டார். ஏறக்குறைய ஓராண்டு சிறை. அதன்பின் அவர் மனம் மெல்ல மாறியது.

தொழுநோயாளிகளைக் கண்டாலே அருவருத்தவர், அவர்களிடமே போய்த் தொண்டு செய்தார். இடிந்து கிடந்த சிறு கோவிலைப் பழுதுபார்க்க, கடைத் துணியை எடுத்து விற்றார். தந்தைக்குக் கோபம் வராதா? பிஷப்பிடம் முறையிட்டார். பிரான்சிஸ் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். உடுத்தியிருந்த துணியையும் கழற்றித் தந்தையிடமே கொடுத்துவிட்டார்.

பிறகு பிச்சை ஏற்று உண்டார். தோழர்கள் சேர்ந்தனர். பறவைகளுக்கு உபதேசம் செய்தார், ஓநாயை அடக்கினார் என்று கதைகள் பல. ஓநாய்க் கதை பிற்காலத்தில் எழுதப்பட்டது. ஆனால், பாதையில் கிடக்கும் புழுவை யாரும் மிதித்துவிடாமல் எடுத்து ஓரமாக விடுவார் என்பதை, அவர் காலத்தவர் எழுதிய சரிதையிலேயே காணலாம்.

சுல்தானின் முன்னே

1219-ம் ஆண்டு. எகிப்தில் சிலுவைப் போர். டமியட்டா நகரைக் கிறிஸ்தவப் படை முற்றுகையிட்டிருந்தது. பிரான்சிஸ் ஒரு தோழருடன், கையில் ஆயுதமின்றி, எதிரிப் பாசறைக்குள் நடந்தார். உயிர் போயிருக்கலாம். சுல்தான் அல்-காமிலோ அவர் பேச்சைப் பொறுமையாகக் கேட்டு, பத்திரமாகத் திருப்பி அனுப்பினார். முஸ்லிம்களிடையே செல்லும் துறவிகள் சச்சரவு செய்யாமல் எல்லோருக்கும் பணிந்து வாழலாம் என்று, 1221-ல் எழுதிய விதிகளில் பிரான்சிஸ் சேர்த்தார்.

இருட்டில் பிறந்த பாட்டு

கிழக்கே போய் வந்தபின் கண்நோய் முற்றியது. வெயில் பட்டால் தாங்க முடியாத வலி. 1225-ல் அசிசி அருகே ஒரு குடிலில், இருட்டில் படுத்துக் கிடந்தார். எலிகள் வேறு அவரைத் தூங்க விடவில்லை. அந்த நிலையில்தான் சூரியனைப் பற்றிப் பாட்டு இயற்றினார்! சூரியனும் காற்றும் நெருப்பும் அதில் சகோதரர்கள். நிலவும் நீரும் சகோதரிகள். பூமி, தாயான சகோதரி. லத்தீனில் அல்ல, ஊர் மக்கள் பேசும் மொழியில் பாடினார்.

அப்போது பிஷப்புக்கும் நகரத் தலைவருக்கும் பகை. மன்னிப்பைப் பற்றி ஓர் அடி சேர்த்து, இருவர் முன்பும் பாடச் சொன்னார். இருவரும் சமாதானமானார்கள்.

கண்ணுக்குச் சிகிச்சை என்று, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் கன்னப்பொறியில் சூடு போட்டார்கள். தன்னிடம் சற்று இரக்கம் காட்டும்படி அவர் நெருப்பைக் கேட்டுக்கொண்டார்.

இறுதி நாட்களில் பாட்டில் மரணத்தையும் சகோதரியாகச் சேர்த்தார். தம்மை வெறுந்தரையில் கிடத்தச் சொன்னார். 1226 அக்டோபர் 3 மாலை உயிர் பிரிந்தது. இருள் கவிந்த அந்த நேரத்தில் வானம்பாடிகள் கூரைமேல் கூட்டமாக வட்டமிட்டுப் பாடியதாக, உடனிருந்த துறவிகள் சொல்லியிருக்கிறார்கள்.